பிடியரிசிக் கலயமும் இணையதளமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், எம். புதுப்பட்டியில் ஆற்றிய உரை)

 

விழா அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே அச்சாகியிருக்கும் தலைப்பைப் பார்த்துச் சிலர் புருவம் உயர்த்தியதாகக் கேள்விப்பட்டேன். சங்கப் பாடலுக்கும் புதுக்கவிதைக்கும் மேடையிட்ட வட்டத்தில் இணையதளத்துக்கு என்ன வேலை என்பது அவர்கள் ஐயம். காரணம் இதுதான். வெடிவிபத்தில் தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகளின் படிப்புக்கு ஊரார் சேர்ந்து ஒரு நிதி திரட்ட முடிவு செய்திருக்கிறார்கள். அதற்கான இணையதளத்தைக் கூலி பெறாமல் நடத்தித்தர நம் வட்டத்து இளைஞர் நால்வர் முன்வந்திருக்கிறார்கள். அத்தளத்தில் இடம்பெற வேண்டிய வாசகங்களை எழுதித்தரும்படி நம் கவிஞர்களைக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இது இலக்கியக் காரியமும் ஆகிறது.

நிதி திரட்டுதல் இந்த மண்ணுக்குப் புதிதன்று. விருதுநகர் என்று 1923-இல் பெயர் மாறுவதற்கு முன்பே, விருதுபட்டியாக இருந்த நாளிலேயே, அங்கே மகமை என்ற ஏற்பாடு வேரூன்றியிருந்தது. வணிகர் ஒவ்வொருவரும் தம் சரக்குக்கு இவ்வளவு என்று உறவின்முறைக்குச் செலுத்துவர். அந்தப் பணம் கிணறாகும், சாவடியாகும், கோயிலாகும், பள்ளியாகும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றி, பின்னாளில் காமராசர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை அவ்வாறு எழுந்ததே. உலையில் போடும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் இட்டு வைக்கும் பிடியரிசி முறையும் அப்பள்ளிக்கு உரமிட்டது. அங்கே படித்த மாணவர் முதலமைச்சராகி 1956-இல் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கியபோது, முதலில் ஊராரின் கொடையை நம்பியே தொடங்கினார் என்பது கருதத்தக்கது. அதற்குப் பின் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மணியும் பெஞ்சும் கரும்பலகையும் ஊர்ப்பொதுக் கொடையாக வந்து குவிந்தன.

இவ்வேற்பாடுகளில் என்னைக் கவர்வது கொடையின் அளவு அன்று. ஒரு பிடி அரிசி யாரையும் வள்ளலாக்காது. கலயம் நிறைந்ததை வீட்டுப் பெண் அறிவாள். அள்ளிக்கொண்டு போனவரை அவள் தெருவிலேயே பார்ப்பாள். கட்டடம் எழுவதையும் அவளே பார்ப்பாள். கொடுத்தவர் கண்ணுக்கும் செலவான இடத்துக்கும் நடுவே தூரம் இல்லை. ஆனால் மகமைக்கு ஒரு வரம்பு இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. அது ஒரு சமூகத்தார் தம்முள் ஏற்படுத்திக்கொண்ட கட்டு. பட்டாசுத் தொழிலில் கைவைத்திருப்போர் பல சாதியார். ஒடுக்கப்பட்டோர் குடும்பங்கள் அவர்களுள் மிகுதி. இன்று எழும் நிதிக்கு அந்தப் பழைய கணக்கு ஒழுங்கு வேண்டும். பழைய எல்லைக்கோடு வேண்டியதில்லை.

மகமைக்குப் பின் வந்தது ரசீதுப் புத்தகம். அதை அச்சிட்டுத் தமிழகமெங்கும் அனுப்பும் ஊர் நம் பக்கத்துச் சிவகாசிதான். பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதில் தொடங்கிய கதை, பிறகு அச்சுக்கும் பட்டாசுக்கும் விரிந்ததை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ரசீதுப் புத்தகத்தில் கிழித்துக் கொடுக்கும் தாளைவிட நம்மிடம் நிற்கும் அடிக்கட்டைக்குத்தான் மதிப்பு அதிகம். கோயில் கொடைக்கு வசூல் செய்தவரிடம் பெரியவர்கள் முதலில் கேட்பது, ‘அடிக்கட்டை எங்கே?’ என்றுதான். இணையதளத்துக்குத் தானாக அடிக்கட்டை கிடையாது. நாம் வைத்தால் உண்டு.

இனி, இந்நிதிக்கு நேர்ந்த தேவையைச் சிறிது சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர். 2023 அக்டோபர் 17 அன்று நம் எம். புதுப்பட்டிக்கு அருகே ரெங்கபாளையத்திலும், அதே நாளில் கிச்சநாயக்கன்பட்டியிலுமாக 14 பேர், பெரும்பாலோர் பெண்கள். 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை முதல் நாள் சின்னக்காமன்பட்டி. ‘பயர் ஆபீஸ்’ என்று நாம் வாய்பழகிச் சொல்லும் இடத்துக்குத் தூக்குச்சட்டியோடு காலையில் போனவர்கள் இவர்கள்.

விபத்து நடந்த நாளில் தொலைக்காட்சி வருகிறது, அமைச்சர்கள் வருகிறார்கள், உதவித்தொகை அறிவிக்கப்படுகிறது. ஈகையுள்ளம் படைத்த பலர் அந்த வாரமே பணம் அனுப்பவும் விழைகிறார்கள். ஆனால் தீப்புண்ணின் கணக்கு வேறு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்னும் தோல் இறுகும், மூட்டு மடங்காது, பல மாதம் அழுத்த உடை அணிய வேண்டும், உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டும். பள்ளிக் கட்டணமோ ஆண்டுதோறும் ஜூனில் வந்து நிற்கும். இரண்டாம் வகுப்பில் தாயை இழந்த பிள்ளைக்குப் பட்டப்படிப்பு முடியப் பதினான்கு ஆண்டு ஆகும். இரக்கம் ஒரு வாரம் இருக்கிறது. தேவை பதினான்கு ஆண்டு இருக்கிறது. செய்தித்தாளின் இடத்தில் இணையதளம் ஒன்று வேண்டும் என்று சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதுமானது. நாளிதழ் மறுநாள் பழையதாகிவிடும். தளம் அப்படியே நிற்கும்.

நிற்கும் என்றேனே, அதற்கு ஓர் ஆள் வேண்டும். தளத்தின் முகவரியை ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் அந்தப் பெயரை வேறு யாரும் வாங்கிக்கொள்ளலாம். தருமத்துக்காக ஏற்படுத்திய முகவரிகள் கைமாறி, அதே பெயரில் சூதாட்ட விளம்பரம் ஓடுவதைப் பார்த்திருக்கிறோம். தொடங்கிய இளைஞருக்குச் சென்னையில் வேலை கிடைக்கும், அல்லது திருமணம் ஆகும். கடவுச்சொல் அவரோடு போய்விடும். தொண்டு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குத் தொடக்க விழாவே நினைவுக்கு வருகிறது. இணையத் தொண்டில் தொடக்கம்தான் மிக எளிய பகுதி.

நெடுங்காலம் நின்ற தொண்டு எது என்று கேட்டால், 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைச் சொல்வேன். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகெங்கும் சிதறிய தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சிட்டும் பிழை பார்த்தும் நம் நூல்களை இணையத்தில் ஏற்றினார்கள். எழுத்துக் குறியீட்டு முறை மாறியபோது பழையவற்றைப் புதிய முறைக்கு மாற்றினார்கள். இந்த அவையில் அத்தளத்தால் பயன்பெறாத கவிஞர் இருக்க மாட்டார். அங்கே பணப்புழக்கம் இல்லை. ஆயினும் ஒரு தளத்தை இத்தனை ஆண்டு அணையாமல் காக்கலாம் என்பதற்கு அது சான்று.

பணம் திரட்டியதற்குச் சான்று ஆர்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கை. மருத்துவர்கள் விஜய் ஜானகிராமனும் சு. திருஞானசம்பந்தமும் 2015-இல் பத்து இலட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார்கள். வேண்டியிருந்தது அறுபது இலட்சம் டாலர். தமிழக அரசு 10 கோடி ரூபாய் வழங்கியது; பெருந்தொகை கொடுத்தாரோடு சிறுதொகை கொடுத்த எண்ணற்றோரும் இணைய வழியே சேர்ந்தார்கள்; 2018-இல் இலக்கு நிறைவேறியது. அந்நிதிக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. தமிழின் பெருமையைச் சொல்லிக் கேட்கலாம். கேட்பவரும் தலைநிமிர்ந்து கேட்கலாம், கொடுப்பவரும் மகிழ்ந்து கொடுக்கலாம். நம்முடையது அவ்வாறானதன்று. நாம் கேட்கப் போவது துயரத்தின் பேரால். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கணக்கு. அரிசிக் கலயத்தில் கை விட்டால் தெரிந்துவிடும். கைப்பேசியில் சதுரக் குறியீட்டைக் காட்டி, 2016 முதல் வழக்கில் உள்ள யூபிஐ முறையில் பணம் செலுத்துகிறவருக்கு அது யார் கணக்கில் விழுந்தது என்பது ஒரு பெயராக மட்டும் தெரியும். அந்தப் பெயர் தனிமனிதர் பெயராக இருக்கலாகாது. அறக்கட்டளையின் பெயராகவே இருக்க வேண்டும். கடைவாசலில் ஒட்டிய குறியீட்டின் மேல் இன்னொருவன் தன் குறியீட்டை ஒட்டிவிட்டுப் போவதுண்டு. அதுபோலத் தளத்தையே படியெடுத்துப் போலித்தளம் எழுப்புவோரும் உண்டு. ஆதலால் சரியான கணக்குப் பெயரை நம் ஊர்ப் பள்ளிச்சுவரிலும் நூலகத்திலும் எழுதி வைப்பது நல்லது. இணையத்துக்குச் சுவர் சாட்சி சொல்லட்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். வரிச்சலுகை வேண்டும் கொடையாளர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அச்சலுகை கிடையாது. நம் வட்டாரத்திலிருந்து சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்கள் பலர். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்பினால் தடையில்லை. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் நம் சித்தப்பா மகனே ஆனாலும், அது அயல்நாட்டுக் கொடை. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இன்றி ஓர் அறக்கட்டளை அதைத் தொடக்கூடாது; 2020 திருத்தத்துக்குப் பின் அப்பணம் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகவே வரவேண்டும். அண்ணன் அன்போடு அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்புவது மனத்தாங்கலை உண்டாக்கும். முன்கூட்டியே தளத்தில் இரண்டு வரி எழுதிவிட்டால் அந்தச் சங்கடம் இல்லை.

கணக்கை ஆண்டுக்கொரு முறை வெளியிடுவோம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். திங்கள்தோறும் வெளியிடலாமே என்றேன். வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, இருப்பு இவ்வளவு என்று மூன்று வரி போதும். வரவு ஒன்றும் இல்லாத மாதத்திலும் ‘வரவு இல்லை’ என்று எழுத வேண்டும். பழைய கணக்கை ஒருபோதும் அகற்றக்கூடாது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887-இல் அச்சேற்றக் கையொப்பம் சேர்த்து அலைந்த வரலாறு நாம் அறிந்தது. அக்காலத்துப் பதிப்புகள் பலவற்றில் பொருளுதவி செய்தோர் பெயர்கள் அச்சாகியிருக்கும். நூற்றாண்டு கடந்தும் அவற்றை நாம் படிக்கிறோம். கொடுத்தார் பெயரும், கொடுத்தது எங்கே போயிற்று என்பதும் நிலைத்திருக்க வேண்டியவை. பெயர் வேண்டாம் என்று சொல்கிற கொடையாளர் பெயரை மட்டும் விட்டுவிடலாம்.

நிலைத்திருக்கக் கூடாதவையும் உண்டு. இங்கேதான் கவிஞர்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

திரள்நிதித் தளங்கள் நம் நாட்டிலேயே பதினைந்து ஆண்டுகளாக வளர்ந்துவிட்டன. மருத்துவ அவசரத்தில் அவற்றால் உயிர் பிழைத்தோர் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இணையமெங்கும் ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. குழாய் செருகிய குழந்தையின் முகம், அழுகிற தாயின் முகம், பெரிய எழுத்தில் ஒரு கெஞ்சல். இரக்கம் சுரக்கிறது, பணமும் வருகிறது. நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறு செய்தால் இரட்டிப்பாகப் பணம் வரும் என்று ஒரு நண்பர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். வரலாம். எட்டு வயதுச் சிறுமியின் படத்தைப் போட்டு, ‘வெடிவிபத்தில் தாயை இழந்த ஏழைச் சிறுமி’ என்று எழுதி, ஊர்ப்பெயரும் பள்ளிப்பெயரும் சேர்த்துவிடுகிறோம். அவளுக்கு இருபத்திரண்டு வயதாகிறது. வேலைக்கு நேர்காணலுக்குப் போகிறாள்; பெண் பார்க்க வருகிறார்கள். அவள் பெயரைத் தேடுகிறவன் முதலில் காண்பது அந்தப் படத்தை. அவள் பெற்ற மதிப்பெண்ணையும் எழுதிய கட்டுரையையும் விட முந்திக்கொண்டு அந்த அடைமொழி வந்து நிற்கும். நாம் பின்னர் அழித்தாலும், அதற்குள் அது எத்தனை கைப்பேசிகளுக்குப் போயிருக்கும்?

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை எண்ணிப் பாருங்கள். தன்னார்வலர்கள் சிலர் பொதுவான ஒரு பட்டியலில் தொடங்கித் தனித்தளமே அமைத்து, உதவி வேண்டுவோரையும் தருவோரையும் இணைத்தார்கள். அவர்கள் செய்த பெரிய வேலை, வந்த வேண்டுகோள் ஒவ்வொன்றையும் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்த்து, தீர்ந்ததைத் தீர்ந்தது என்று குறித்தது. அப்படியிருந்தும், என்றோ மீட்கப்பட்டவரைத் தேடி நாள்கணக்கில் வாட்ஸப்பில் வேண்டுகோள்கள் சுற்றிக்கொண்டிருந்தன. நான்கு நாள் துயரத்துக்கே இந்த நிலை என்றால், ஒரு பிள்ளையின் முகத்தை விட்டுவிட்டுத் திரும்பப் பெறுவது எங்ஙனம்?

சட்டமும் இதைச் சொல்லத் தொடங்கியிருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கணினியில் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் ஒப்புதல் கேட்கப்படும் நேரத்தையும் பார்க்க வேண்டும். பிணவறை வாசலில் நிற்கும் தகப்பனிடம் தாளை நீட்டினால் எதில்தான் கையெழுத்திட மாட்டான்?

நம் முன்னோர் இதைச் சிந்திக்காதவர்கள் அல்லர். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், பெறாத ஒருவனை எதிர்கண்டு, இன்ன வழியே இன்னாரிடம் போ என்று நெறிப்படுத்துகிறான். நிதித்தளம் இதன் மறுதலை. கொடுக்க விரும்புபவனைத் தேவை இருக்கும் இடத்துக்கு நெறிப்படுத்துகிறது. மலைபடுகடாம் வழியில் எங்கே குழி உண்டு, எங்கே எச்சரிக்கை வேண்டும் என்றெல்லாம் சொல்லிச் செல்வது போல, நம் தளமும் போலிக்கணக்கு, அயல்நாட்டுப் பணம் முதலிய குழிகளைச் சொல்ல வேண்டும்.

நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை இன்னும் அணுக்கமாக நம்மோடு பேசுகிறது. நல்லியக்கோடனைக் காணும் முன் தன் வீடு கிடந்த நிலையைப் பாணன் சொல்கிறான். ஈன்ற நாய் முடங்கிக் குரைக்கும் பாழடைந்த அடுக்களை. குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைக்கும் மனைவி. வறுமையை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன பாட்டு அரிது. ஆனால் அந்த உணவை உண்ணும் முன், பிறர் கண்ணில் படுவதற்கு நாணி வாயிற்கதவை அடைத்துவிடுகிறார்கள். புலவர் நம்மை உள்ளே அழைத்துச் செல்கிறார், கதவடைத்ததையும் சொல்லிவிடுகிறார். இன்னொன்று: அந்தக் கதையைச் சொல்பவன் அந்த வீட்டுக்காரன். வறுமை தீர்ந்த பின், தன் வாயால், தன்னைப் போன்ற இன்னொருவனிடம் சொல்கிறான். வேறு யாரோ அவன் வீட்டுக் கதவைத் திறந்து படமெடுத்து வந்து சொல்லவில்லை.

திருவள்ளுவர் ஈகைக்கு முன்னே ஒப்புரவறிதலை வைத்தார். இரவுக்குப் பின்னே இரவச்சத்தை வைத்தார். ஊருணியும் ஊர் நடுவே பழுத்த மரமும் ஒப்புரவுக்கு அவர் காட்டும் உவமைகள். ஊருணியில் மொள்ள வருகிறவளிடம் யாரும் அழுதுகாட்டச் சொல்வதில்லை.

அப்படியானால் முகம் காட்டாமல், பெயர் சொல்லாமல் எதை எழுதுவது என்று கவிஞர் கேட்கலாம். எழுதுவதற்கு ஏராளம் உண்டு. ஒரு பிள்ளைக்கு ஓராண்டுப் படிப்புக்கு ஆகும் செலவை இனம் இனமாக எழுதலாம்: சீருடை, குறிப்பேடு, பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம். அழுத்த உடை என்றால் என்ன, அதை ஏன் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று விளக்கலாம். திரி வெட்டுவதும், மருந்து செலுத்துவதும், வெயிலில் உலர்த்துவதும் எவ்வாறு நடக்கின்றன, விபத்து எந்தக் கட்டத்தில் நேர்கிறது என்று எழுதலாம். தீபாவளிக்கு நம் ஊரிலிருந்து பெட்டி போகாத மாநிலம் இந்தியாவில் எங்கே இருக்கிறது? அந்தப் பெட்டியைப் பிரிப்பவர் அதை நிரப்பிய கைகளைப் பற்றிப் படிக்கட்டும். இவை எவருடைய மானத்தையும் விலையாகக் கேட்பதில்லை. இத்தகைய உரைநடை எழுதுவது கண்ணீர்க் கவிதை எழுதுவதைவிடக் கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பணமும் மெதுவாகவே வரும். மெதுவாக வந்தாலும் ஜூன்தோறும் வருமானால் நமக்கு அது போதும்.

அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் தளத்தையும் இளைஞர்கள் பார்த்திருக்கிறார்கள். அங்கே பள்ளிக்கு வேண்டியதைப் பார்த்துக் கொடையாளர் கொடுக்கலாம். கட்டடத்தைக் காட்டிக் கேட்பதில் கூச்சமில்லை. பிள்ளையைக் காட்டிக் கேட்பதில்தான் கூச்சம் வேண்டும்.

நால்வரும் சில முடிவுகளுக்கு வந்திருக்கிறார்கள். கடவுச்சொல் இருவர் கையிலும், அதன் எழுத்துப்படி உறையிட்டு அறக்கட்டளைச் செயலாளரிடமும் இருக்கும். முகவரிக் கட்டணத்தை நிதியிலிருந்து எடுக்காமல் தாங்களே பகிர்ந்துகொள்வார்கள். பயன்பெறும் பிள்ளைகள் தளத்தில் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெறுவார்கள். யார் எவர் என்பது அறக்கட்டளையின் ஏட்டில் இருக்கும். வளர்ந்த பின் தன் கதையைத் தானே சொல்ல விரும்புகிறவருக்கு அங்கே இடம் உண்டு, திரும்பப் பெற விரும்பினால் அதற்கும் வழி உண்டு.

நம் கவிஞர்கள் எழுதித்தரும் வாசகம் எதுவும் நேரே தளத்துக்குப் போகாது. அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை, ஆலை விடுமுறை நாளில், அந்தக் குடும்பத்துப் பெண்களை அழைத்து அவர்கள் முன்னிலையில் உரக்கப் படித்துக் காட்டுவார்கள். அவர்கள் வேண்டாம் என்ற வரியை, எவ்வளவு அழகான வரியாயினும், எழுதியவரே அடித்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பெயர் கொடுக்க விரும்பும் கவிஞர்களுக்காக வாயிலருகே ஒரு குறிப்பேடு வைக்கப்பட்டிருக்கிறது.